நம்மோடு கரையேறியவை



சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, மூன்று நாள் கடலில் அலைப்புண்டு, போர்ட் பிளேயரில் இறங்கிய குடும்பங்கள் நம்மிற் பல. 2024-ஆம் ஆண்டில் அந்நகர் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிற்று. ஆயினும் முதன்முதல் கால் வைத்த நாளை எவரும் மறந்திலர். அன்று நம் முன்னோர் கொணர்ந்த மூட்டைகளில் துணிமணியும் பாத்திரமும் மட்டுமா இருந்தன? ஒருவர் கறிவேப்பிலைக் கன்றைக் கொணர்ந்தார். மற்றொருவர் முருங்கைப் போத்தைக் கொணர்ந்தார். பிறிதொருவர் கூடையிற் கோழி கொணர்ந்தார். பிரிந்து வந்த ஊரின் ஒரு சிறு பகுதியையேனும் உடன் வைத்துக்கொள்ள விழைவது மனித இயல்பு. அதனைக் குறை கூறுவார் இலர். ஆயின் மனிதன் இத்தீவுகளுக்குக் கொணர்ந்த உயிர்கள் யாவும் வீட்டுக் கொல்லையோடு நின்றுவிடவில்லை. அவற்றைப் பற்றியே இத்திங்கள் சிறிது சிந்திப்போம்.

கடல் சூழ்ந்த இத்தீவுகளுக்குப் பறந்தும் நீந்தியும் மிதந்தும் வரவல்ல உயிர்களே தாமாக வந்து சேர்ந்தன. புலி வரவில்லை, சிறுத்தை வரவில்லை, மானும் யானையும் வரவில்லை. மான் மேய்ந்தறியாத காட்டில் வளர்ந்த செடிகளுக்கு மேய்ச்சலைத் தாங்கும் ஆற்றல் வேண்டியதாயிருக்கவில்லை. உலகில் வேறெங்கும் காணாத பறவைகளும் பல்லிகளும் தவளைகளும் இங்குத் தோன்றியதற்கு இத்தனிமையே காரணம். வெளியிலிருந்து வரும் உயிருக்கு அவை எளிதில் தோற்றுப்போவதற்கும் அத்தனிமையே காரணம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கில ஆட்சியினர் புள்ளிமான்களைக் கொணர்ந்து இங்கு விட்டனர். பகை விலங்கு இன்மையால் அவை பெருகின. நீந்த வல்லவையாதலின் தீவு விட்டுத் தீவு தாவின. 1950-களின் தொடக்கத்தில், மானைக் குறைக்க எண்ணி இரு சிறுத்தைகளைக் காட்டில் விட்டனர். இரண்டும் பெண். அவை இனம் பெருக்கவும் இல்லை. மான் குறையவும் இல்லை. ஒரு பிழையைத் திருத்த மற்றொரு பிழை துணையாகாது என்பதே அதனாற் கண்ட பயன்.

மான் பெருமரத்தை வீழ்த்துவதில்லை. மரத்தின் குழந்தையை உண்கிறது. விதை முளைத்துத் தளிர் விடுமுன் அது மேயப்பட்டுவிடும். மேலே நோக்கினால் காடு செழித்திருப்பதாகவே தோன்றும். கீழே நோக்கினால் இளங்கன்றுகள் இரா. முதியோர் மட்டுமே வாழும் இல்லம் போன்றது அக்காடு. ராஸ் தீவில், 2018-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் பெற்ற அவ்விடத்தில், மானுக்குத் தின்பண்டம் ஊட்டி மகிழும் சுற்றுலாப் பயணியர் இதனை அறிவரோ?

யானையின் கதை இதனினும் இரங்கத்தக்கது. காட்டில் வெட்டிய மரங்களை இழுப்பதற்கென யானைகளைக் கொணர்ந்த தனியார் நிறுவனம் ஒன்று தொழில் நொடித்தது. 1962-இல் ஏறத்தாழ 40 யானைகளை இன்டர்வியூ தீவில் கைவிட்டுச் சென்றது. பாகனும் சங்கிலியும் நீங்கிய யானைகள் பசிக்கு மரப்பட்டையை உரித்தன, மரங்கள் பட்டுப்போயின. யானையைக் குற்றம் சொல்லலாமா? மானைத்தான் சொல்லலாமா? அவை தாமாக வந்தவை அல்ல. கொணர்ந்தவன் பயன் தீர்ந்ததும் திரும்பிப் பாராமல் அகன்றான். விளைவைக் காடு சுமக்கிறது.

‘அரசினரும் முதலாளிகளும் செய்தவற்றிற்கு நாம் என் செய்வோம்?’ என்று கேட்பீர்கள். நம் தோட்டத்திற்கே வருவோம். காய்கறிப் பாத்தியை இரவோடிரவாக அழிக்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தை, 1942 முதல் 1945 வரை இங்கு நடந்த ஜப்பானியர் ஆட்சியின்போது வந்து சேர்ந்தது. நம் காலத்திலேயே வந்தது பெருந்தவளை. தாயகத்து வயல்களில் மழைக்காலத்தில் மஞ்சள் நிறம் பூண்டு கத்துமே, அதே தவளைதான். அங்கு அது பாம்புக்கும் கொக்குக்கும் இரையாகிப் பூச்சிகளைத் தின்று அளவோடு வாழ்கிறது. இங்கோ அதன் தலைப்பிரட்டைகள் தீவுக்குரிய தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்னுகின்றன. கோழிக்குஞ்சையும் விழுங்குகிறதென வளர்ப்போர் முறையிடுகின்றனர். குளத்தில் விடக் கொணர்ந்த மீன்குஞ்சுகளோடு கலந்தும் அது பரவியதென ஆய்வாளர் கூறுவர். வாளியில் நீந்திய கரிய புள்ளிகளை எவரும் உற்று நோக்கவில்லை.

வந்தவற்றைத் திருப்பியனுப்ப இயலாதா எனில், ஓரோவிடத்து இயலும். வடக்கு அந்தமானுக்குக் கிழக்கே தனித்து நிற்கும் நார்கொண்டம் எரிமலைத் தீவின் பரப்பு ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டரே. அங்கு வாழும் இருவாய்ச்சிப் பறவையினம் உலகில் வேறெத் தீவிலும் இல்லை. 1969-இல் அங்குக் காவற்சாவடி ஏற்பட்டது. பின்னர் இறைச்சிக்கென ஆடுகள் வந்தன. அவை காட்டிற் புகுந்து பெருகின. பறவைக்குக் கனியும் பொந்தும் தரும் மரங்களின் கன்றுகளை ஆடு மேய்ந்தால், நாளைய பறவைக்கு உணவேது, கூடேது? அறிஞர் எச்சரித்தனர், ஆடுகள் அகற்றப்பட்டன. 2020-ஆம் ஆண்டை ஒட்டி நடந்த ஆய்வு, அங்கு ஏறத்தாழ 1,000 இருவாய்ச்சிகள் வாழ்வதாகக் கண்டது. சிறிய தீவு, கண்ணுக்குத் தெரியும் ஆடு. ஆதலின் அது கைகூடிற்று. பல தீவுகளிற் பரவிய மானையும் தவளையையும் அங்ஙனம் எண்ணிப் பிடித்துக் கப்பலேற்ற எவரால் இயலும்?

‘நாமும் வந்தேறியவர்கள்தாமே, நமக்கு என்ன உரிமை?’ என்று சிலர் ஐயுறக்கூடும். வந்தவர் என்பதனாலேயே நமக்குக் கடமை மிகுதி. மானுக்கும் நத்தைக்கும் தம்மைத் தாமே அடக்கிக்கொள்ளும் அறிவு இல்லை, நமக்கு உண்டு. விருந்தாகச் சென்ற வீட்டில் அடுப்பங்கரை வரை செருப்போடு செல்வோமா?

தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும் சில சொற்கள். தாயகம் சென்று திரும்புங்கால் விதை, கன்று, மண், உயிருள்ள மீன், பறவை ஆகியவற்றை, விதிகள் இடந்தருகின்றனவா என உசாவாமற் கொணர வேண்டா. மீன்குஞ்சு வாங்கினால் வடிகட்டிப் பார்த்துக் குளத்தில் விடுக. வளர்த்துச் சலித்த மீனையோ ஆமையையோ ஓடையில் விடுதல் இரக்கமன்று. ஆமை முட்டையிடும் கடற்கரைகளில் நாய்களைத் திரியவிட வேண்டா. அவை மணலைத் தோண்டி முட்டைகளைத் தின்றுவிடும். புதிதாக ஒரு செடியோ பூச்சியோ தோட்டத்தில் தென்பட்டால் வேளாண் அலுவலரிடமோ வனத்துறையினரிடமோ உடனே காட்டுக. பத்து இருக்கும்போது களைவது எளிது; பதினாயிரம் ஆனபின் அரிது.

நம் பேரப்பிள்ளைகளுக்குத் தாயகம் விடுமுறைக்குச் செல்லும் ஊர். இத்தீவே சொந்த ஊர். அவர்கள் வளர்ந்தபின் காட்டில் நடந்தால், முதிய மரங்களின் கீழே இளங்கன்றுகளும் நிற்கக் காண வேண்டும். அடுத்த பயணத்திற்குப் பெட்டி கட்டும்போது இதனை நினைவிற் கொள்ளுங்கள்.