பணம் கட்டிய பின்னரும் ஏறும் விலை: எரிபொருளின் பெயரால் ஓர் அநீதி

தென் இலண்டனின் நோர்பரியில் வாழும் தமிழ்க் குடும்பமொன்று, பிள்ளைகளின் கோடை விடுமுறைக்காக விமானப் பயணமும் விடுதியும் அடங்கிய சுற்றுலாப் பொதியை 3,200 பவுண்களுக்குப் பதிவு செய்வதாகக் கொள்க. இரவுப் பணியும் வார இறுதிப் பணியும் செய்து சேர்த்த பணம் அது. சில மாதங்களின் பின் ஒரு கடிதம் வருகின்றது: எரிபொருள் விலை உயர்ந்துவிட்டதாம், மேலும் 240 பவுண்கள் கட்ட வேண்டுமாம். "எல்லா இடத்திலும் விலை ஏறித்தானே கிடக்கிறது" என்ற பெருமூச்சுடன் தந்தை பணத்தைக் கட்டிவிடுகின்றார். ஏன், எப்படி என்று எவரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுவே: எரிபொருள் விலை ஏறும் ஆபத்தை யார் சுமக்க வேண்டும்? பெரிய விமான நிறுவனங்களும் சுற்றுலா நிறுவனங்களும் தமக்குத் தேவையான எரிபொருளின் விலையை மாதங்களுக்கு முன்னரே ஒப்பந்தத்தால் உறுதி செய்துகொள்ள வல்லவை. நோர்பரித் தந்தைக்கு அத்தகைய வழி எதுவுமில்லை. வலியவன் தன் சுமையை எளியவன் தோளில் இறக்கிவைப்பது வணிகமாகாது.

சட்டமும் காலப்போக்கில் வலியவன் பக்கமே சாய்ந்துள்ளது. 1992ஆம் ஆண்டின் பிரித்தானிய விதிகளின்படி, விலையுயர்வின் முதல் 2 வீதத்தை நிறுவனமே ஏற்க வேண்டியிருந்தது. புறப்பாட்டுக்கு முந்திய 30 நாட்களில் விலையை உயர்த்தவே முடியாது. 2018 யூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் அந்த 2 வீதக் காப்பு இல்லை. 30 நாட்களும் 20 ஆகக் குறைந்தன. உயர்வு 8 வீதத்தைத் தாண்டினால் மட்டுமே பயணி கட்டணமின்றி விலகி, கட்டிய பணத்தை மீளப் பெறலாம். மேற்சொன்ன 240 பவுண்கள் 7.5 வீதமே! அக்குடும்பத்துக்கு விலகும் உரிமை கிடையாது.

ஆயினும் அதே சட்டம் தரும் படைக்கலங்களும் உண்டு. ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தாலன்றி விலையை உயர்த்த முடியாது. எரிபொருள், வரிகளும் கட்டணங்களும், நாணயமாற்று ஆகியவையன்றி வேறு காரணம் செல்லாது. காரணமும் கணக்கும் எழுத்தில் தரப்பட வேண்டும். யாவற்றிலும் முதன்மையானது, செலவு குறைந்தால் விலையும் குறைக்கப்பட வேண்டும் என்பதாகும். 2014இன் நடுப்பகுதியில் பீப்பாய் ஒன்று 100 டொலருக்கு மேல் விற்ற மசகெண்ணெய், 2016 சனவரியில் 30 டொலருக்கும் கீழே வீழ்ந்தது. அப்போது "இதோ உங்கள் மீதிப் பணம்" என்ற கடிதம் எத்தனை தமிழ் வீடுகளின் கதவைத் தட்டியது?

எரிபொருள் என்ற சொல்லை அப்படியே நம்புவதும் பேதைமை. 2004 ஓகஸ்ட் முதல் 2006 சனவரி வரை பிரிட்டிஷ் எயர்வேய்ஸ் நிறுவனமும் வெர்ஜின் அட்லாண்டிக் நிறுவனமும் தமக்குள் பேசிவைத்து எரிபொருள் மேலதிகக் கட்டணத்தை உயர்த்தின. நெடுந்தூர இருவழிச் சீட்டில் 5 பவுணாக இருந்த அக்கட்டணம் அக்காலத்தில் 60 பவுணாயிற்று. 2007இல் பிரிட்டிஷ் எயர்வேய்ஸுக்கு அறிவிக்கப்பட்ட 121.5 மில்லியன் பவுண் தண்டம், 2012இல் 58.5 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. உண்மையை முன்வந்து வெளியிட்டதால் வெர்ஜின் தண்டத்திலிருந்து தப்பியது.

கொழும்புக்கோ சென்னைக்கோ விமானச் சீட்டை மட்டும் வாங்கி உறவினர் வீட்டில் தங்குவோருக்குப் பொதிச் சுற்றுலா விதிகள் பொருந்தா. அவர்கள் மேலதிகக் கட்டணங்கள் யாவும் அடங்கிய மொத்த விலையைப் பணம் கட்டுமுன்னரே எழுத்தில் பெற்றுக்கொள்ளட்டும். தெரிந்தவர், ஊரவர் என்பதற்காக முகவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

இழந்த 2 வீதக் காப்பு மீண்டும் சட்டமாக வேண்டும். அதனைத் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரிடம் கோருவது வாக்காளரின் உரிமை. அதுவரை, ஆங்கிலம் கற்ற பிள்ளைகள் பெற்றோரின் பயண ஒப்பந்தத்தைப் படித்துப் பொருள் சொல்லட்டும். பெற்றோர் பணம் கட்டுமுன் கணக்கைக் கேட்கட்டும். கேட்பது மரியாதைக் குறைவன்று. கேளாதிருப்பதே வியர்வை சிந்தி உழைத்த பணத்துக்குச் செய்யும் அவமரியாதை.