ராபின் ஹூட்டுக்குப் பிரபுப் பட்டம் கட்டியது யார்?

பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் ராபின் ஹூட். இங்கிலாந்தின் ஷெர்வுட் காட்டிலே வில்லோடு திரிந்து நாட்டிங்ஹாம் ஷெரீப்பின் தூக்கத்தைக் கெடுத்தவன் என்பது கதை. இந்தக் கதையை வாலிபர்களுக்கென்று அச்சிட்டு விற்கிறார்களே, அந்தப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். பலவற்றில் என்ன இருக்கிறது?

ராபின் பெரிய பிரபு வீட்டுப் பிள்ளையாம். பொல்லாத இளவரசன் ஜான் அவனுடைய நிலத்தைப் பறித்தானாம். நல்ல ராஜா ரிச்சர்டு திரும்பி வந்து நிலத்தையும் பட்டத்தையும் மீட்டுக் கொடுத்தாராம். மரியன் சீமாட்டியோடு கல்யாணமும் நடந்ததாம். சுபம்!

தோழர்களே, இது கலப்படச் சரக்கு!

பழைய பாட்டு என்ன சொல்கிறது?

1377 வாக்கில் எழுதப்பட்ட 'உழவன் பியர்ஸ்' என்ற ஆங்கிலக் காவியத்தில் ஒரு சோம்பேறிப் பாதிரி வருகிறான். தனக்கு ஜபம் சரியாகத் தெரியாது, ராபின் ஹூட் பாட்டுத்தான் தெரியும் என்கிறான். அப்போதே அந்தப் பாட்டுகள் ஜனங்களின் வாயிலே இருந்தன என்பதற்கு இதுவே முதல் சாட்சி.

1500 வாக்கில் அச்சேறிய நெடும்பாட்டு ஒன்று உண்டு. அதிலே ராபின் பிரபு அல்ல, பண்ணையடிமையும் அல்ல. சாதாரணக் குடியானவர் வகுப்பைச் சேர்ந்தவன். மரியன் என்ற பேச்சே இல்லை. ராஜாவின் பெயர் ரிச்சர்டு அல்ல, எட்வர்டு. ஏர் பிடித்து உழுகிறவனைத் தொடாதீர்கள், பிஷப்புகளையும் ஷெரீப்பையும் விடாதீர்கள் என்று ராபின் தன் ஆட்களுக்கு உத்தரவிடுகிறான். யார்க் நகரத்து மடாதிபதியிடம் 400 பவுனுக்கு நிலத்தை அடகு வைத்து நொடித்துப் போனவனுக்குப் பணம் கொடுத்து நிலத்தை மீட்கச் செய்கிறான்.

அந்த ராபின் புரட்சிக்காரன் என்று நாம் சொல்லவில்லை. அவனும் ராஜாவைக் கண்டதும் மண்டியிடுகிறான், அரண்மனைக்குப் போகிறான். ஆனால் அங்கே 15 மாதந்தான் இருக்க முடிந்தது. காட்டுக்கே திரும்பி 22 வருஷம் அங்கேயே வாழ்ந்தான் என்கிறது பாட்டு. நம் புத்தகக்காரர்கள் 'சுபம்' போடும் இடத்தைத் தாண்டியும் பழைய பாட்டு நடக்கிறது!

அந்தப் பாட்டுகள் பரவிய காலம் எப்படிப்பட்டது? 1348-ல் பிளேக் நோய் வந்து இங்கிலாந்து ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறியது. உடனே 1351-ல் பார்லிமெண்டு சட்டம் போட்டது: பிளேக்குக்கு முந்திய கூலிக்கு மேல் எவனும் கேட்கக்கூடாது! அதற்கு மேல் தலைவரி. 1381-ல் குடியானவர்கள் திரண்டு லண்டனுக்குள் புகுந்தார்கள். 14 வயது ராஜா, இரண்டாம் ரிச்சர்டு, வாக்குறுதி கொடுத்தான். ராஜாவோடு பேச வந்த இடத்தில் தலைவன் வாட் டைலர் வெட்டப்பட்டான். வாக்குறுதி காற்றில் போயிற்று. ஏழைப் பாதிரி ஜான் பால் தூக்கிலே தொங்கினான்.

பட்டம் கட்டிய கை

குடியானவன் எப்போது பிரபு ஆனான்? 1598-ல் ஆண்டனி மண்டே என்ற லண்டன் நாடகாசிரியர் ராபினை ஹண்டிங்டன் பிரபுவாக்கி மேடை ஏற்றினார். 1819-ல் வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' நாவல், சண்டையை சாக்ஸன் இனத்துக்கும் நார்மன் இனத்துக்கும் நடந்த தகராறாகக் காட்டியது. பிறகு வந்த சிறுவர் புத்தகங்கள் பலவும் இந்தப் பாதையிலேயே நடந்தன. 1956-ல் வெளிவந்த ரோஜர் லான்ஸ்லின் கிரீனின் பிரபலமான புத்தகத்திலும் ராபின் பிரபுவே!

அந்த 'நல்ல ராஜா' முதலாம் ரிச்சர்டின் யோக்கியதை என்ன? பத்து வருஷ ஆட்சியில் அவன் இங்கிலாந்தில் இருந்தது சுமார் ஆறு மாதம். சிலுவைப் போருக்குப் போய்த் திரும்பும் வழியில் சிறைப்பட்டான். அவனை மீட்கக் கேட்ட தொகை 150,000 மார்க். அதற்காக வருமானத்திலும் தட்டுமுட்டுச் சொத்திலும் நாலில் ஒரு பங்கு வரி! வரி கட்டியவன் கதையை எந்தப் புத்தகம் சொல்கிறது?

வெறும் கதைதானே?

"பிள்ளைகள் படிக்கும் கதைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்பார்கள். எதிரி அப்படி நினைக்கவில்லை. 1953-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பாடப்புத்தகக் கமிஷன் உறுப்பினர் ஒருவர், ராபின் ஹூட் கதை கம்யூனிஸ்டுப் போதனை, அதைப் பள்ளியிலிருந்து நீக்கவேண்டும் என்றார். அங்கே சர்வகலாசாலை மாணவர்கள் 1954-ல் பச்சை இறகைச் சட்டையிலே குத்திக்கொண்டு எதிர்த்தார்கள். 1955-ல் பிரிட்டிஷ் டெலிவிஷனில் தொடங்கிய ராபின் ஹூட் தொடரை எழுதியவர்களில் ரிங் லார்ட்னர் போன்றவர்கள் உண்டு. அமெரிக்க விசாரணைக் கமிட்டிக்குப் பணிய மறுத்துச் சிறை சென்றவர் அவர். கறுப்புப் பட்டியலில் இருந்ததால் சொந்தப் பெயரில் எழுத வழியில்லாமல் புனைபெயரில் எழுதினார்!

வேறு விதமாக எழுத முடியாதா? முடியும். 1934-லேயே ஜெஃப்ரி டிரீஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் எழுதிக் காட்டினார். அவர் நாவலின் நாயகன் டிக்கன், ராஜாவின் மானைக் கொன்றுவிட்டுக் காட்டுக்கு ஓடும் பண்ணையடிமைச் சிறுவன். சாக்ஸன் எஜமான், நார்மன் எஜமான் என்ற பேதம் அங்கே எடுபடாது. எஜமானும் உழைப்பவனும் என்ற பேதமே உண்டு.

ஆகவே தோழர்களே, உங்கள் பிள்ளை இப்படியொரு புத்தகத்தோடு வந்தால் பிடுங்கி எறியாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். நாயகன் எந்த வீட்டில் பிறந்தான்? போன நிலத்தை உழுதவன் யார்? முடிவில் நீதி யார் கையிலிருந்து வருகிறது?

பிரபுவுக்குப் பட்டம் திரும்பியதே நீதி என்று நம்பி வளரும் பிள்ளை, தன் கூலிக்கும் எவனாவது ஒரு ராஜா வருவான் என்று காத்திருப்பான். அந்தக் காத்திருப்பைத்தான் அவர்கள் விற்கிறார்கள். வாங்காதீர்கள்!