மரிக்கார் என்று பெயர் வாங்கிய ராமதாஸ்



கந்தப்பளைக் கடைத்தெருவில் சற்று நேரம் நின்றால் போதும். தோட்டத்துத் தமிழ், நம் வீட்டுத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் என்று விதவிதமாகக் காதில் விழும். இப்படிப் பலவிதமான பேச்சை வைத்தே இலங்கைத் தமிழ் நேயர்களைச் சிரிக்க வைத்த ஒரு கலைஞரைப் பற்றி இம்மாதம் பேசுவோம்.

எஸ். ராமதாஸ் ஒரு மேடை நாடகக் கலைஞர். இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற நகைச்சுவைத் தொடரை எழுதி, அதில் மரிக்காராக நடித்தார். முஸ்லிம் அல்லாத அவர் நம்முடைய பேச்சைப் பேசினார். அப்புக்குட்டியாக வந்த ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். உபாலியாக வந்த செல்வசேகரன் சிங்களவர் பேசுவது போலத் தமிழ் பேசினார். ஐயராக வந்தவர் யார் தெரியுமா? நம் பி. எச். அப்துல் ஹமீட்!

1976இல் இது ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்தது. பிறகு ராமதாஸ் தொலைக்காட்சி நாடகங்களிலும் நடித்தார். 2016இல் சென்னையில் காலமானபோதும் அவர் ‘மரிக்கார் ராமதாஸ்’ என்றே அறியப்பட்டார்.

நாடகம், சினிமா பற்றி நம்மிடையே பல கருத்துகள் உண்டு. அந்த வாதம் இங்கு வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த நால்வரில் யாரும் உசத்தியில்லை, எல்லோருமே கோமாளிகள். ஒருவர் பேச்சைச் சரியென்று வைத்து மற்றவர் பேச்சைக் கேலி செய்யவில்லை. அதனால்தான் மரிக்காரைக் கேட்டு முஸ்லிம் வீடுகளிலும் மனம் நோகாமல் சிரித்தார்கள்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? கடைக்கு வந்த தோட்டத்துப் பெண் படியிறங்கியதும், பிள்ளை அவளைப் போலப் பேசிக் காட்டுகிறது. நாமும் சிரிக்கிறோம். அதே பிள்ளை ‘உம்மா’, ‘வாப்பா’ என்று சொல்லும்போது வேறு யாராவது சிரித்துவிட்டால், நமக்கு நெஞ்சு பொறுப்பதில்லை!

மொழிகள் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக சூரத்துர் ரூமில் அல்லாஹ் கூறுகிறான். சூரத்துல் ஹுஜுராத்தில் பரிகாசத்தைத் தடுக்கும்போது, பெண்களாகிய நம்மைத் தனியாகவும் குறிப்பிட்டு எச்சரிக்கிறான். அல்லாஹ்வின் அத்தாட்சியைப் பார்த்தா நாம் கேலி செய்வது?

இனிமேல் பிள்ளை அப்படிப் பேசிக் காட்டினால் அதட்ட வேண்டாம். “மகன், அந்த அக்காவுக்கு முன்னால இதைப் பேசுவீங்களா? அவங்களும் சேர்ந்து சிரிப்பாங்களா?” என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைக்கு விளங்கிவிடும், இன்ஷா அல்லாஹ்.