இன்னொரு கூடை

மலைநாட்டிற் பிறந்தவர்க்குக் கூடை என்றவுடன் நினைவுக்கு வருவது கொழுந்துக் கூடைதான். இவ்வாரம் நாம் பேச விரும்புவது இன்னொரு கூடையைப் பற்றி.

1891ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், வெளியே சென்று விளையாட இயலாத தம் மாணவர்க்காகப் பழக்கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தில் உயரக் கட்டி, அவற்றுள் பந்தை எறியச் சொன்னார். இன்று உலகெங்கும் ஆடப்படும் கூடைப்பந்தாட்டம் இவ்வாறு ஓர் ஆசிரியரின் கையிலே பிறந்தது.

இவ்வாட்டம் நம் மலைநாட்டுக்கென்றே அமைந்ததோ என்று நாம் எண்ணுவதுண்டு. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சமதரை கிடைப்பது அரிது. பிரட்டுக்களத்தில் ஆடும் சிறுவரின் பந்து ஒருமுறை கைதவறினால், அது தேயிலைச் செடிகளூடே உருண்டோடி ஓடையில்தான் நிற்கும். மலையைக் குடைந்து கிரிக்கெட் மைதானம் அமைப்பது எளிதன்று. கூடைப்பந்தாட்டத்துக்கோ 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள தரை போதும். ஆனால் தரை மட்டும் போதுமா? கற்பிக்க ஆள் வேண்டாமா?

இதை நாம் அனுபவத்தாற் சொல்கிறோம். முன்னொரு காலத்தில் ஒரு மாணவர் குழுவுக்கு நாம் பொறுப்பாசிரியராக இருந்தோம். நம்மிடம் இருந்தது விதிநூல் ஒன்றுதான். பந்தை எப்படி எறிவது என்று ஒரு மாணவன் கேட்க, நாம் நூலைப் புரட்டி வாசித்துக் காட்டினோம். அவனும் பணிவோடு கேட்டான். பந்துதான் கூடைக்குள் விழ மறுத்துவிட்டது!

கற்பிக்க ஆள் இருந்தால் என்ன நிகழும் என்பதற்குச் சான்று நம் அருகிலேயே உண்டு. 1920ஆம் ஆண்டில் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு உழைக்க வந்த ஒருவரின் பேரர் முத்தையா முரளிதரன். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் அவர் முதலில் வீசியது வேகப்பந்து. பதினான்கு வயதில் அவரைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பாடசாலைப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. 2010ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், காலியில் டெஸ்ட் ஆட்டங்களின் 800ஆவது விக்கெட் வீழ்ந்தபோது உலகம் பேரரைப் போற்றியது. பயிற்சியாளரை எத்தனை பேர் நினைத்தனர்?

புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரே பாடசாலைக்குத் திரும்பி வந்தால் எப்படியிருக்கும்? அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் அதுவும் நிகழ்ந்தது.

அன்பர்னி ஹார்டவே 1971இல் அங்கே ஏழ்மை மிக்க பகுதியொன்றிற் பிறந்து பாட்டியிடம் வளர்ந்தவர். பாட்டி செல்லமாக இட்ட பெயர் 'பென்னி'. பல்கலைக்கழகத்தில் நுழைந்தபோது கல்வித் தகுதி போதாமையால் முதலாண்டு ஆட அனுமதி கிடைக்கவில்லை. மாணவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்: அவர் புத்தகத்தைக் கையிலெடுத்தார், தகுதி பெற்றார், அதன்பின் ஆடினார். 1993இல் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கி, 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற குழுவிலும் இடம்பெற்றார். பின்னர் முழங்கால் காயங்கள் அவருடைய வேகத்தைப் பறித்தன.

2011இல், அவர் வளர்ந்த அதே பகுதியின் நடுநிலைப் பாடசாலையில், இளமைத் தோழர் டெஸ்மண்ட் மெரிவெதர் பயிற்சியாளராக இருந்தார். அவரைப் புற்றுநோய் பற்றியது. தோழரின் சுமையைத் தோளில் ஏற்க ஹார்டவே முன்வந்தார். பெரிய அரங்குகளில் ஆடியவர் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பந்து தட்டக் கற்பித்தார். 2015இல் தோழர் மறைந்தார், பணி மறையவில்லை. ஈஸ்ட் உயர்நிலைப் பாடசாலை 2016, 2017, 2018 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து மாநில வாகை சூடியது. முதலில் துணைநின்றும் பின் தலைமையேற்றும் அதற்கு உழைத்தவர் ஹார்டவே. 2018இல் தாம் பயின்ற பல்கலைக்கழகமே அவரைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது.

குறையே இல்லாத வரலாறு என்று நாம் சொல்லமாட்டோம். 2017இல் ஒரு மாணவனின் குடும்பம் மெம்பிசுக்கு இடம்பெயர அவர் பணம் கொடுத்தார். அது விதிக்கு முரண் என்று கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2019இல் முடிவு செய்தது. இழப்பு அம்மாணவனுக்கே நேர்ந்தது; அவனால் அப்பல்கலைக்கழகத்தில் மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆட முடியாது போயிற்று. ஆசிரியரின் அன்புக்கும் அளவுகோல் வேண்டும் என்பதை நாமும் மறக்கலாகாது.

எனினும், அந்தத் திரும்பி வருதலை எண்ணும்போது நெஞ்சு நெகிழ்கிறது. லயத்து அறையிலிருந்து படித்தும் விளையாடியும் மேலேறிய நம் பிள்ளைகள் கொழும்பிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர். விடுமுறையில் வருவோர் உறவினரைக் கண்டு, கோயிலை வணங்கிச் செல்கின்றனர். படித்த பாடசாலையின் முற்றத்திலும் ஒரு மாலைப்பொழுது நின்றால் என்ன? பரிசுப் பொருள் எதுவும் வேண்டியதில்லை. கற்ற வித்தையைக் காட்டிக் கொடுத்தால் போதும்.

தாய் முதுகிற் சுமந்த கூடையால் உயர்ந்தவர்கள், தம்பி தங்கையர்க்காக ஒரு கூடையை உயரக் கட்டிக் கொடுக்கட்டும். விதிநூலை வாசித்துக் காட்டும் வேலையிலிருந்து நமக்கும் விடுதலை கிடைக்கும்!