கறளுக்குக் கம்பளம்

எமது வீதிகளில் இன்றும் ஓடும் மொரிஸ் மைனர் கார்களுக்கு வெளியே பளபளக்கும் வர்ணம் பூசி, உள்ளே கறள் பிடித்த தரைத்தகட்டைத் தாரால் மூடி, கம்பளமும் விரித்து, 'புதுப்பித்தோம்' என்று பணம் வாங்குவதை மோசடி என்றே சொல்வேன். 1948இல் அறிமுகமான இவ்வண்டிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. பாரத்தைத் தாங்குவதில் தரைத்தகட்டுக்கும் பங்குண்டு. தார் கறளை அழிப்பதில்லை. அடியில் ஈரத்தைச் சிறைவைத்து வளர்க்கிறது.

செய்யவேண்டியது வேறு. வெறுந்தகடு தெரியும்வரை சுரண்டவேண்டும். உக்கிய பகுதியை வெட்டியகற்றிப் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்யவேண்டும். எப்பொக்சி அடிப்பூச்சு, பொருத்துகளுக்கு அடைப்புப்பசை, அதன்மேல் வர்ணம். நீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடலாகாது.

செலவு அதிகம் என்பார்கள். உக்கிய தகட்டின் மேல் பிள்ளைகளை அமர்த்திச் செல்வது மலிவோ? வாங்குமுன் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள்; தூக்கவிடாதவரிடம் வாங்காதீர்கள்.