கேமரா பையைத் தராசுல வெச்சுப் பார்த்தீங்களா?

போன வருஷம் அப்பாவோட சதாபிஷேகத்துக்கு மும்பையிலிருந்து குடும்பத்தோட கிளம்பினோம். ஏர்போர்ட் கவுண்டர்ல என் கேமரா பையை எடை போட்டாங்க. ஏழரைக் கிலோ! உள்நாட்டு விமானத்துல சாதாரண டிக்கெட்டுக்குக் கேபின் லக்கேஜ் 7 கிலோதான். வேற வழியில்லாம பெரிய லென்ஸைத் துணிப்பெட்டிக்குள்ள திணிச்சேன். சென்னையில இறங்கிப் பார்த்தா ஃபோகஸ் வேலை செய்யல.

விமானக் கம்பெனியைத் திட்டி என்ன பிரயோஜனம்? திரும்பி வந்ததும் காலிப் பையைத் தராசுல வெச்சேன். இரண்டரைக் கிலோ! கேமரா 1.5, 70-200 லென்ஸ் 1.5, லேப்டாப் 2. ஆக சரக்கு 5 கிலோ, சாக்கு 2.5 கிலோ. இப்படி ஒரு மூட்டையை எந்த மளிகைக்கடைக்காரராவது வாங்குவாரா? நான் வாங்கினேன். பாங்க்ல கணக்குப் பார்க்கற ஆளு வேற!

"பஞ்சு கம்மியானா கேமரா அடிபடுமே"ம்பீங்க. அய்யா, அந்தப் பஞ்சோட எடைதானே லென்ஸையே பையை விட்டு வெளியே தள்ளிச்சு?

இருபது பாக்கெட், ட்ரைபாட் மாட்ட நாலு வார் எல்லாம் யாருக்கு வேணும்? வேண்டியது இவ்வளவுதான். காலி எடை ஒரு கிலோ சுமாருக்கு இருக்கணும். ஜிப் முதுகுப் பக்கம் திறக்கணும், தாதர் கூட்டத்துல பின்னாடி நிக்கறவன் கை விட முடியாது. ஜூலை மழைக்கு ஒரு உறை. உபரி பேட்டரியைப் பெட்டியில போடக் கூடாதுங்கறது விதி, அதுக்குக் கைக்கு எட்டற ஒரு பாக்கெட்.

அடுத்த தடவை கடைக்குப் போனா ஜிப்பை இழுத்துப் பார்க்கறதுக்கு முன்னாடி தராசைக் கேளுங்க. லென்ஸை ரிப்பேர் பண்ணிட்டேன். சதாபிஷேகம் திரும்ப வராது.