அணியை மூடலாம், பயிற்சியாளரை என்ன செய்வது?

ஒரு கால்பந்து அணியை ஆரம்பிக்கும்போது விழா எடுக்கிறார்கள். புதிய சீருடை, மாலை, புகைப்படம் எல்லாம் உண்டு. அதே அணியை மூடும்போது பெரும்பாலும் ஓர் அறிக்கைதான் வருகிறது. ஏன் மூடுகிறோம் என்று அதில் இருக்கும். பயிற்சியாளரும் பையன்களும் இனி எங்கே போவார்கள் என்று இருக்காது.

நம் நாட்டிலேயே உதாரணங்கள் இருக்கின்றன. பஞ்சாபில் பக்வாராவைச் சேர்ந்த ஜேசிடி அணி 1996-97இல் நடந்த முதல் தேசிய கால்பந்து லீக்கை வென்றது. ஐ.எம்.விஜயன், பைச்சுங் பூட்டியா, பிற்பாடு சுனில் சேத்ரி எல்லாரும் ஆடிய அணி. 2011இல் மூடிவிட்டார்கள். ஆட்டத்தை டிவியில் பார்க்க ஆள் இல்லை, கம்பெனிக்குப் பலன் இல்லை என்பது காரணம். அதற்கு முந்தைய வருடம்தான் மும்பையின் மகிந்திரா யுனைடெட் போனது. 2005-06இல் தேசிய லீக் பட்டம் வாங்கிய அணி அது. இனி பள்ளி அளவில் கால்பந்தை வளர்க்கப் போகிறோம் என்றது நிர்வாகம்.

தமிழ்நாட்டுக்கும் இந்த அனுபவம் உண்டு. கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி, சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியில் 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்றது. மூன்றே வருடத்தில், 2021-22 ஐ-லீக்கில் அந்த அணியின் பெயரே இல்லை.

கம்பெனிகள்தான் இப்படி என்றால் கல்லூரிகளும் அப்படித்தான். அமெரிக்காவில் ஸ்வார்த்மோர் என்று ஒரு சின்னக் கல்லூரி. அவர்கள் ஊர் ஃபுட்பால் வேறு, கையால் பந்தைப் பிடித்து ஓடும் ஆட்டம். நூறு வருடத்துக்கு மேல் ஆடிய அந்த ஃபுட்பால் அணியை 2000 டிசம்பரில் கல்லூரி நிர்வாகம் கலைத்தது. சிறிய கல்லூரியில் அவ்வளவு பேரை விளையாட்டுக்காகச் சேர்க்க முடியாது என்றார்கள். அந்தக் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அணியில் ஆடவேண்டும் என்றே வந்து சேர்ந்த மாணவன் பாதிப் படிப்பில் நிற்கிறானே, அவன் என்ன செய்வான்?

நஷ்டத்தில் அணி நடத்து என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. மூடுவது உரிமையாளரின் இஷ்டம். ஆனால் அதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நட்சத்திர ஆட்டக்காரனை வேறு அணி கூப்பிட்டுக்கொள்ளும். ஜூனியர் பையன்களுக்குப் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுத்த உதவிப் பயிற்சியாளரை யார் கூப்பிடுவார்கள்? வேறு வேலை தெரியாத வயதில் அவர் வீட்டுக்குப் போகிறார். பல வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த பையன்களும் கலைந்து போகிறார்கள்.

சேத்தியாத்தோப்பு, நெய்வேலி பக்கத்துப் பையன்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம், அதற்குப் பிறகு ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை என்ற நம்பிக்கையில்தான் பலர் விடியற்காலையில் மைதானத்துக்குப் போகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு இருக்கும் ஒரே பிடிமானம் பயிற்சியாளர்தான்.

ஆகவே மூடுவதற்கும் ஒரு முறை வேண்டும். ஒரு சீசன் முன்பே சொல்லிவிட வேண்டும். பயிற்சியாளர்களுக்கு ஒரு வருடச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். ஜூனியர் அணியை இன்னொரு கிளப்பிடமோ கல்லூரியிடமோ ஒப்படைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். கல்லூரி என்றால், அணிக்காகச் சேர்ந்த கடைசி மாணவன் படிப்பை முடிக்கும்வரை சிறிய அளவிலாவது ஆட்டம் நடக்க வேண்டும். அணியைப் பதிவு செய்யும்போதே சங்கங்கள் இதை எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் செலவாகாது. ஆரம்ப விழாவுக்குச் செலவழிக்க மனம் வருகிறவர்களுக்கு இதற்கும் வரவேண்டும்.